மாதவிடாய் கப்: அளக்காமல் வாங்கியதும் அளந்து வாங்கியதும்

முதல் கப்பை வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம். எனக்கு வயது 34. சுகப்பிரசவத்தில் ஒரு பையன். 30 வயதைத் தாண்டியவர்களும் குழந்தை பெற்றவர்களும் பெரிய அளவு வாங்க வேண்டும் என்று பெட்டியின் பின்பக்கம் போட்டிருந்தது. அப்படியே வாங்கினேன். அது எனக்குச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. பையனின் பழைய ரஃப் நோட்டில் ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதி வைத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கப் பற்றி யோசிக்க வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் மழை. மழை ஓய்ந்த பிறகு, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து சேர்ந்தது. எங்கள் வீடு கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கம். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பையனையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் மாடி வீட்டில் இருக்கும் தங்கச்சியிடம் போனோம். அன்றைக்குத்தான் எனக்கு டேட். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு நாப்கின் பாக்கெட்டும் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கிடந்தன.

தங்கச்சி தன்னிடம் இருந்த பாக்கெட்டை முழுசாக எடுத்துக் கொடுத்தாள். உனக்கு வேண்டாமா என்று கேட்டேன். "நான் ஒரு வருஷமா கப்தான் வெச்சிக்கிறேன்க்கா. இது யாராவது வந்தா கொடுக்க வாங்கி வெச்சது" என்றாள். கூடப் பிறந்தவள், வாரத்துக்கு மூன்று நாள் போனில் பேசுகிறவள். ஒரு வருடமாக இதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

குப்பை வண்டி நான்கு நாள் வரவில்லை. பயன்படுத்திய நாப்கின்களைப் பேப்பரில் சுற்றி, கருப்புக் கவரில் கட்டி, அவள் பால்கனியின் மூலையில் வைத்திருந்தேன். கவர் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அது மட்கப் போவதில்லை. அதைவிட, இந்தக் கவரை யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா கையால் பிரிப்பார் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாதா மாதம் செய்துகொண்டிருந்த காரியம்தான். நான்கு நாள் கண்ணெதிரே இருந்தபோதுதான் உறைத்தது.

தங்கச்சி ஸ்டாஃப் நர்ஸ். அந்த நான்கு நாளில் நிறையச் சொல்லிக் கொடுத்தாள். கப் என்பது பிறப்புறுப்புக்குள் வைக்கும் மணி வடிவச் சிலிகான் குப்பி, அடியில் சின்னதாக ஒரு காம்பு இருக்கும். நாப்கின் உறிஞ்சும், கப் ஏந்திக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். ஏதோ இப்போது வந்த புதுச் சரக்கு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்ற பெண் 1937-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அப்போது ரப்பரில் செய்தது. பக்கத்துக் கேரளாவில் 2019-இல் ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' என்ற பெயரில் 5000 பெண்களுக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எந்தக் கடையிலும் இதைக் கேட்க மாட்டார்கள். "காப்பர் டி போட்டிருக்கியா?" போட்டிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கப் வைக்கக் கூடாது. எடுக்கும்போது அதன் நூலும் சேர்ந்து இழுபட்டு காப்பர் டி நகரலாம், வெளியேகூட வரலாம். "கருப்பை இறக்கம்னு யாராவது சொல்லியிருக்காங்களா? வெள்ளைப்படுதல், அரிப்பு ஏதாவது இப்போ இருக்கா?" இருந்தால் முதலில் அதைக் காட்ட வேண்டும். பிரசவமாகி சில வாரம்தான் ஆகியிருந்தாலும் கூடாது. எனக்கு எதுவும் இல்லை. காப்பர் டியைப் பையனுக்கு ஐந்து வயதானபோதே எடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று சொன்னாள். "கருப்பை வாய் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு விரல வெச்சுப் பாத்துட்டு வாங்குக்கா." தலையை ஆட்டினேன். ஆனால் செய்யவில்லை. கூச்சம்தான் காரணம். பிள்ளை பெற்றிருக்கிறேன், எத்தனையோ டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள், நானே என் உடம்பைத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டதுதான் பின்னால் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம்.

ஜனவரி

பொங்கல் முடிந்து புதுச்சேரியில் ஒரு மெடிக்கலில் 399 ரூபாய்க்கு வாங்கினேன். நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங் வேலை எனக்கு. காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் நின்றபடி போய்ச் சேர வேண்டும். திரும்பி வர ராத்திரி எட்டேகால். பெண் ஊழியர்களுக்கு மூன்றாவது மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. போகும்போதெல்லாம் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டாம் நாள் பெருக்கில் அந்தப் படிகளை ஏறி இறங்குவதே தனி வேதனை. கப்பை 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூன்று மாடிதான்.

முதல் தடவை போடுவதற்கு முன் கொதிக்க வைக்க வேண்டும். ஒரு எவர்சில்வர் சொம்பில் கப் முழுசாக முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். கப் சொம்பின் அடியில் ஒட்டினால் கெட்டுப் போகும். அதனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, சொம்புல என்ன வேகுது?" மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "எங்க காலத்துல பழைய புடவைத் துணிதான். துவைச்சு, பாவாடைக்கு அடியில மறைச்சுக் காயப் போடுவோம். வெயிலே படாது. மழைக் காலத்துல ஈரத்தோடயே கட்டிக்கிட்டு வேலை பாத்திருக்கேன். தொடையெல்லாம் புண்ணாயிடும்" என்றார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. போகும்போது, "அந்தச் சொம்புல நெயில் பாலிஷால ஒரு புள்ளி வெச்சிடு. மாறிடப் போகுது" என்றார். இப்போது அந்தச் சிவப்புப் புள்ளிச் சொம்பு அலமாரியில் தனி இடத்தில் இருக்கிறது.

ஜனவரி 28, முதல் நாள். லீவு போட்டிருந்தேன். நகத்தை ஒட்ட வெட்டி, கையை சோப்புப் போட்டுக் கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து முயற்சி செய்தேன். கப்பை நீளவாக்கில் தட்டையாக்கி இரண்டாக வளைத்தால் 'சி' எழுத்து மாதிரி வரும். எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்த மடிப்புதான். அதன் மேல்முனை மூன்று விரல் அகலம் இருந்தது. பார்த்ததுமே உடம்பு இறுகிவிட்டது. இறுகினால் வழி கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் பாதியில் கை வழுக்கி, கப் பட்டென்று விரிந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று போனில் கேட்டேன். "எண்ணெய் வேணாம்க்கா, சிலிகானுக்கு ஆகாது, உனக்கும் ஆகாது. தண்ணியில நனைச்சுக்கோ, போதும்." 25 நிமிஷம் ஆனது. நேராக மேலே தள்ளாமல் முதுகெலும்பின் பக்கம் சாய்த்துத் தள்ளியபோது உள்ளே போய்விட்டது.

நோட்டில் இருப்பது: 'காம்பு குத்துகிறது. சிறுநீர் முட்டுகிற மாதிரியே இருக்கிறது. 40 நிமிஷத்தில் கசிவு.'

எடுப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. காம்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, உள்ளே சுரீரென்று வலித்தது. மாட்டிக்கொண்டுவிட்டது, ஆபரேஷன் செய்துதான் எடுப்பார்கள் என்று பயந்து நடுங்கிப்போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டேன். "உள்ள எங்கயும் போகாதுக்கா. மேல கருப்பை வாய் இருக்கு, அதுல ஊசி முனை ஓட்டைதான். கப் அதத் தாண்ட வழியே இல்ல. காம்ப விடு. குத்துக்காலிட்டு உக்காந்து மெதுவா முக்கு. கப்போட அடிப்பாகம் கைக்கு வரும். அத ரெண்டு விரலால அமுக்கு, காத்து உள்ள போயி பிடிப்பு விட்டுடும். அப்புறம் அசைச்சு அசைச்சு எடு." அவள் சொன்னபடி செய்தேன், வந்துவிட்டது. காம்பு கப் இருக்கும் இடத்தைக் காட்ட மட்டும்தான், இழுக்க அல்ல. இதை அன்றைக்கு நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதினேன்.

அந்த மாதம் மீதி நாள் நாப்கின்தான்.

பிப்ரவரி

காம்பைப் பாதி வெட்டினேன். வெட்டலாம். ஆனால் கப்பை வெளியே எடுத்து வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும், அடிப்பாகத்தை ஒட்டி வெட்டக் கூடாது, வெட்டிய முனை சொரசொரப்பு இல்லாமல் இருக்க வேண்டும். குத்தல் நின்றது. போடவும் பழகிவிட்டது, ஐந்து நிமிஷம் போதும். ஆனால் கசிவு நிற்கவில்லை. முதல் நாள் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது. நல்லவேளை, உள்ளே ஒரு துணி நாப்கின் வைத்திருந்தேன். இது ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற அமைப்பு தைக்கும் துணி நாப்கின். துவைத்து வெயிலில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். கப் பழகும் வரை இப்படி ஒன்று கூட இருப்பது பெரிய தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாள். அவள் முதலில் கேட்டது, "கப் நிறைஞ்சு கசியுதா, நிறையாமலே கசியுதா?" எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கப்பில் கால்வாசிகூட இல்லை. "அப்போ ரெண்டே காரணம். ஒண்ணு, கப் முழுசா விரியல. இல்லாட்டி, கருப்பை வாய் கப்புக்கு உள்ள இல்ல, பக்கத்துல இருக்கு." அடுத்ததாக, "அளந்தியா?" என்றாள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். கோபப்படவில்லை. பென்சிலால் ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டு, ஸ்கேலைக் கையில் கொடுத்துக் குளியலறைக்கு அனுப்பினாள்.

ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மெதுவாகத் தேடினால், சுற்றிலும் மெத்தென்று இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் மூக்கு நுனியைத் தொடுகிற மாதிரி உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படும். நடுவில் சின்னக் குழி. அதுதான் கருப்பை வாய். விரல் எந்த இடம் வரை உள்ளே போனதோ அங்கே கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து ஸ்கேலில் வைக்க வேண்டும். எனக்கு 4 சென்டிமீட்டர். இரண்டு வாரம் கழித்து, டேட் இல்லாத ஒரு நாளில் அளந்தேன், ஐந்தைத் தாண்டியது. மாதவிடாய் நாட்களில் அது கீழே இறங்குமாம். அதனால் அந்த நாட்களில்தான் அளக்க வேண்டும்.

இப்போது கப்பை ஸ்கேலில் வைத்தேன். காம்பை விட்டுவிட்டு உடல் மட்டுமே 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 4 சென்டிமீட்டர் இடத்தில் அதை வைத்தால், இடம் போதாமல் கருப்பை வாயை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தம் கப்பின் வெளிப்பக்கமாக வழிகிறது. கப் மேலும் கீழும் நெருக்குவதால் மூத்திரப்பை அழுத்தம். காம்பு குத்தல், சிறுநீர் முட்டல், கசிவு மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பெட்டியில் போட்டிருந்த அளவு அட்டவணை என் வயதைக் கேட்டது, பிரசவத்தைக் கேட்டது, இந்த 4 சென்டிமீட்டரை மட்டும் கேட்கவில்லை. வயதும் பிரசவமும் தேவையில்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். கீழ்த் தசைகள் எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அவை ஒரு உத்தேசம். ஆனால் அவை அகலத்துக்கான கேள்வி. நீளம் தனி.

மார்ச்

இரண்டாவது கப், 450 ரூபாய். உடல் நீளம் 4.2 சென்டிமீட்டர், வாய் அகலம், சிலிகான் கொஞ்சம் மென்மை. காம்பு இருக்கும் இடத்தில் சின்ன உருண்டை. கிட்டத்தட்ட 850 ரூபாய் செலவானது என்ற வருத்தம் இருந்தது. நான் மாதத்துக்கு இரண்டு பாக்கெட் வாங்குகிறவள். அந்தக் கணக்கில் ஒரு வருடத்துக்குள் தேறிவிடும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு கப் பல வருடம் வரும். பத்து வருடம் என்றுகூடச் சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பிசுபிசுத்தாலோ, கீறல் விட்டாலோ, கொதிக்க வைத்தும் வாடை போகாவிட்டாலோ மாற்றிவிட வேண்டும். நிறம் மங்குவது மட்டும் குற்றமில்லை.

மென்மையான கப்பில் ஒரு சங்கடம், அது உள்ளே தானாக விரிய யோசிக்கும். 'சி' மடிப்பை விட்டுவிட்டேன். விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் கப்புக்குள் அமுக்கினால் மேல்முனை ரோஜா மொட்டு மாதிரி குறுகிவிடும். பஞ்ச் டவுன் மடிப்பு என்கிறார்கள். இதில் நுழைவது எனக்கு ரொம்பச் சுலபம். உள்ளே போனதும் அடிப்பாகத்தைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினால் விரிந்துகொள்ளும். பிறகு ஒரு விரலைக் கப்பைச் சுற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கேயும் மடிப்பு தட்டுப்படாமல் உருண்டையாக இருந்தால் சரி. லேசாக இழுத்தால் இழுபடாமல் நிற்க வேண்டும்.

மார்ச் 25, முதல் நாள். காலை எட்டுக்குப் போட்டேன். பஸ்ஸில் நின்றேன், மூன்று மாடி ஏறினேன், மதியம் வரை எந்த நினைப்பும் இல்லை. துணி நாப்கினில் ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டின்போது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கலங்கியது ஞாபகம் இருக்கிறது.

இரண்டாம் நாள் கடையிலேயே ஒரு தடவை கொட்ட வேண்டியிருந்தது. அந்தக் கழிப்பறையில் டிரம் தண்ணீர்தான், அதை நம்ப மாட்டேன். வீட்டிலிருந்து அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். வெளியே சோப்பில் கை கழுவிவிட்டு உள்ளே போய், கப்பைக் கொட்டி, பாட்டில் தண்ணீரில் அலசி, திரும்பப் போட்டேன். ஆறு நிமிஷம்.

கப்பின் உள்ளே மில்லி லிட்டர் கோடு இருந்தது. ஆசைக்காகக் குறித்து வைத்தேன். முதல் நாள் 17, இரண்டாம் நாள் 22, மூன்றாம் நாள் 7, நான்காம் நாள் 3. மொத்தம் 49 மில்லி. அரை டம்ளர்கூட இல்லை. இருபது வருடமாக உடம்பிலிருந்து குடம் குடமாகப் போகிறது என்று நினைத்திருந்தேன். சராசரியாக 30, 40 மில்லி போகும். 80-ஐத் தாண்டினால்தான் அதிகப்படியான போக்கு என்று தங்கச்சி சொன்னாள். அதுவும் முழுக்க ரத்தமில்லை, கருப்பையின் உள்தோலும் சளியும் கலந்தது. மாதா மாதம் 80-க்கு மேல் போகிறவர்கள் இந்தக் கணக்கோடு டாக்டரிடம் போனால் பேச்சு எளிதாகும். 'ரொம்பப் போகுது டாக்டர்' என்று சொல்வதற்கும் எண் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மூன்று மாதம் முயற்சி செய்யச் சொல்லி அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். லான்செட் பொதுச் சுகாதார இதழில் 2019-இல் வந்த ஆய்வுத் தொகுப்பை அவள் படித்திருக்கிறாள். 43 ஆய்வுகள், 3319 பேர். பழகிய பிறகு சுமார் 70 சதவீதம் பேர் கப்பையே தொடர விரும்பினார்களாம். பழகச் சில மாதம் பிடிக்கும் என்பதும் அதில் இருக்கிறது. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது.

ஏப்ரல்

வேறு ஒரு தொல்லை. கப்பின் மேல் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி படிந்திருந்தது. பூஞ்சையோ என்று பயந்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. டீ போடும் பாத்திரத்தின் அடியிலும் இதே வெள்ளைதான் படியும். விளிம்புக்குக் கீழே நான்கு சின்ன ஓட்டைகள் உண்டு, காற்றுப் போக. அவற்றை உப்பு அடைத்துவிட்டால் எடுக்கும்போது பிடிப்பு விடாது. வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து துடைத்தேன், போய்விட்டது. பிறகு நன்றாக அலசிக் கொதிக்க வைத்தேன். இப்போது கொதிக்க வைக்கக் கேன் தண்ணீர்தான். ஓட்டைகளுக்கு ஒரு வழி: கப் நிறையத் தண்ணீர் பிடித்து, உள்ளங்கையால் வாயை மூடி அமுக்கினால் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும், அடைப்பு போய்விடும். டெட்டால், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம், உள்ளே எரியும். உலர்ந்ததும் துணிப்பையில் போட்டு வைக்க வேண்டும். மூடி இறுக்கமான டப்பாவில் காற்றுப் போகாது.

ஒரு விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். மிக அரிதாக, கப் வைத்திருக்கும்போது கிருமியின் நச்சு ரத்தத்தில் ஏறலாம். திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், உடம்பெல்லாம் சிவந்து தடிப்பது என்று வந்தால் உடனே கப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கப் வைத்திருந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கை கழுவுவதையும் 12 மணி நேரக் கணக்கையும் நான் ஒரு நாளும் தளர்த்துவதில்லை. பஸ் தாமதமாகும் என்பதால் என் கணக்கு பத்து மணி நேரம்தான்.

முதல் கப்பை யாருக்கும் கொடுக்க முடியாது. ஒருவர் பயன்படுத்தியது இன்னொருவருக்கு ஆகாது. தூக்கிப் போடவும் மனசில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன், மடித்துக் காட்டுவதற்காக. கடையில் புடவைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண், கல்யாணமாகாதவள், ஸ்டாக் ரூமில் வைத்து என்னிடம் கேட்டாள். மெதுவான குரலில், கன்னித்திரை கிழிந்துவிடாதா அக்கா என்று. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் மெல்லிய சவ்வு, கப்பால் விரியலாம், லேசாகக் கிழியவும் கிழியலாம், அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி யாராலும் எதையும் சொல்ல முடியாது என்று சொன்னேன். மனசுக்குச் சரி என்று படும்போது போட்டுக்கொள், இல்லாவிட்டால் துணி நாப்கின் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் அந்தக் கப்பை வாங்கி, ரோஜா மொட்டு மடிப்பை மூன்று தடவை மடித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை கையில் நின்றது. எந்த அளவு வாங்கட்டும் என்று கேட்டாள். டேட் வந்ததும் அளந்துவிட்டு வா என்று சொல்லி, தங்கச்சி எனக்குப் போட்டுக் காட்டிய பென்சில் படத்தை ஒரு பில் தாளின் பின்பக்கம் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் வந்து, "5.5 அக்கா" என்றாள். என்னுடையது மாதிரி குட்டைக் கப் அவளுக்குச் சரிவராது. கொஞ்சம் நீளமானதாக, சிறிய அளவில் தேடிக்கொண்டிருக்கிறோம்.